தேங்காய் உடைத்து அனுப்பிய மூன்று வரி

2024 ஏப்ரல் 5, வெள்ளிக்கிழமை. எழுந்ததும் ஜன்னலுக்கு வெளியே தொங்கும் வெப்பமானியைப் பார்த்து, அளவை நாட்குறிப்பில் எழுதினேன். தேநீர் போட்டேன். ஹோட்டல் சமையலறையில் இரவு வேலை முடித்து வந்த என் கணவர் சிறீ உறங்கிக்கொண்டிருந்ததால், கரண்டி கோப்பையில் படாமல் சீனி கலக்கினேன். (இந்த வித்தையை இன்றுவரை அவர் பாராட்டியதில்லை. தூங்குகிறவர் எப்படிப் பாராட்டுவார் என்று கேட்கிறார்.) பிறகு சமையலறைத் தட்டில் மல்லிக்குப் பின்னால் வைக்கப்பட்டிருந்த மஞ்சளை எடுத்து மல்லிக்கு முன்னால் வைத்தேன். எங்கள் வீட்டுச் சரக்குப் போத்தல்கள் அகர வரிசையில் இருக்கும். சிறீ சமைத்த மறுநாள் மட்டும் இருக்காது.

நான் ஒழுங்கான பெண் என்பதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அன்று பிற்பகல், உலகின் பல நாடுகளில் இருக்கும் முன்பின் தெரியாத நிரலாளர்களுக்கு நான் அனுப்பிய கடிதங்களை இப்போதும் யாரும் இணையத்தில் தேடிப் படிக்கலாம். அவற்றைப் படிப்பவர்கள் நான் எப்படிப்பட்டவள் என்று வேறு விதமாக எண்ணிவிடக் கூடும்.

பிரெஞ்சுத் தலைநகரில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் என் அண்ணை நேசனுக்கு ஒரு பலசரக்குக் கடை இருக்கிறது. காய்கறியையும் மாவகைகளையும் அங்கேயே நிறுத்துப் பொதி செய்து, தராசோடு இணைந்த சிறிய இயந்திரத்தில் பெயர்த்துண்டு அச்சடித்து ஒட்டுவார்கள். மேலே பெரிய எழுத்தில் தமிழ்ப் பெயர், கீழே சிறிய எழுத்தில் பிரெஞ்சுப் பெயர். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த இயந்திரத்தை ஓட்டும் மென்பொருளை எழுதியவர்கள் ஒரு பொருளின் பெயருக்கு இருபது இடங்கள் போதும் என்று தீர்மானித்திருந்தார்கள். பிரெஞ்சுக்காரரின் கத்தரிக்காய்க்கு அது தாராளம். தமிழிலோ "மு" என்ற ஓர் எழுத்தே ஆறு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் முருங்கைக்காய் "முருங்" என்று நின்று, அதன் பக்கத்தில் ஒரு வெற்றுக் கட்டம் விழும். வெண்டிக்காய் "வெண்டி", பிறகு கட்டம். கறிவேப்பிலை "கறிவேப", பிறகு கட்டம்.

காய்கறியென்றால் கண்ணால் பார்த்து எடுக்கலாம். மாவை என்ன செய்வது? வறுத்த அரிசிமாவும் "வறுத்த", கட்டம். வறுத்த உழுத்தம்மாவும் "வறுத்த", கட்டம். புறநகரான பொபினியிலிருந்து வாரம் தவறாமல் வரும் ஞானம் மாமி ஒரு நாள் மாற்றி எடுத்துப்போய், மருமகன் வீட்டார் வந்திருந்த நேரம் பிட்டு அவித்துவிட்டார்.

"பிட்டே அது? சுவருக்குப் பூசலாம்," என்று கடை நடுவில் நின்று சொன்னார். "சம்பந்தி மனுசி ஒரு வாய் வைச்சிட்டு என்னைப் பாத்தா பார். முப்பது வருசமா நான் கட்டின மானம்."

அண்ணை அன்றிலிருந்து தடித்த மை பேனையால் ஒவ்வொரு மாப் பொதியிலும் கையால் பெயர் எழுதத் தொடங்கினார். இரண்டு மாதத்தில் கட்டைவிரலில் வலி வந்தது. வைத்தியர் பட்டி போட்டார். பட்டியோடும் எழுதினார்.

நான் ஒரு காப்புறுதி அலுவலகத்தின் கணினிப் பிரிவில் வேலை செய்கிறேன். அண்ணையின் தராசு மென்பொருள் யாரும் இலவசமாக எடுக்கவும் திருத்தவும் கூடிய வகையைச் சேர்ந்தது என்று தெரிந்ததும், அதன் மூலநிரலை இறக்கி, வார இறுதிகளில் படித்தேன். பிழையைக் கண்டுபிடித்தேன். மூன்று வரி. மூன்றே மூன்று வரிகளை மாற்றினால் அது இடத்தை எண்ணாமல் எழுத்தை எண்ணும். பரீட்சித்துப் பார்த்தேன். முருங்கைக்காய் முழுதாக வந்தது. அதை வெட்டி எடுத்துக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினேன். (சிறீ கதவைத் திறந்து முருங்கைக்காயைத் தேடினார்.)

இனி அந்த மூன்று வரியை மென்பொருளைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் சேர்த்துக்கொண்டால் அடுத்த பதிப்பில் வரும். தராசுக் கம்பனிக்காரர் அதிகாரபூர்வமான பதிப்பை மட்டும்தான் இயந்திரத்தில் ஏற்றுவார். ஆண்டுக்கு ஒரு பதிப்பு. இந்த ஆண்டுக்கான திருத்தங்களை ஏற்கும் கடைசி நாள் ஏப்ரல் ஐந்து, மாலை ஆறு மணி. இது தெரிந்ததும் அண்ணையின் மனைவி வசந்தா மச்சாள் என்னிடம் கேட்காமலே கடைக் கண்ணாடியில் அறிவித்தல் ஒட்டிவிட்டார்: "சித்திரைப் புத்தாண்டு முதல் எல்லாப் பொதிகளிலும் முழுப் பெயர்." கீழே சிறிய எழுத்தில், "உபயம்: கடைக்காரரின் தங்கை."

அறிவித்தலை நான் கழற்றச் சொல்லவில்லை. ஒரு தடவை கடந்துபோகும்போது நின்று படித்தேன். இரண்டு தடவை என்றும் சொல்லலாம்.

திருத்தங்களை அவர்கள் மின்னஞ்சலில்தான், எல்லா நிரலாளர்களுக்கும் போய் இணையத்திலும் பதிவாகும் ஒரு பொதுப் பட்டியலில்தான், ஏற்பார்கள். அதில் ஒரு சிக்கல் உண்டு. அதை நான் நன்றாக அறிந்திருந்தேன் என்பதுதான் இந்தக் கதையின் வேதனை.

கணினியில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்று இருக்கும். சில கணினிகள் ஒரு குறி போடும். விண்டோஸ் இரண்டு போடும். நான் திருத்திய கோப்பு பல ஆண்டுகளுக்கு முன் விண்டோஸில் பிறந்தது. ஆகவே அதன் வரிகளுக்கு இரட்டைக் குறி. திருத்தத்தைப் பெறுபவரின் நிரல் பழைய வரியையும் புதிய வரியையும் குறிக்குக் குறி ஒப்பிட்டுப் பார்க்கும். ஒரு குறி குறைந்தாலும் "இது என் கோப்பு அல்ல" என்று தள்ளிவிடும். மின்னஞ்சலோ போகிற வழியில் வரி முடிவுகளைத் தன் விருப்பத்துக்கு மாற்றிக்கொள்ளும் பழக்கம் உடையது. எனவே திருத்தத்தைக் கடிதத்தின் உடலில் ஒட்டி அனுப்பக் கூடாது. அதற்கென உள்ள கட்டளையால், வேறு எழுத்துகளாக உருமாற்றி, உறையில் இட்டு முத்திரை வைத்ததுபோல அனுப்ப வேண்டும். இதை அவர்களுடைய வழிகாட்டியின் நான்காம் பகுதி சொல்கிறது. நான் அதைப் படித்து, வீட்டுக் கணினியில் எல்லாவற்றையும் அமைத்து, பத்துத் தடவை எனக்கே அனுப்பிச் சோதித்தும் இருந்தேன். சிறீக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை இதை விளக்கியிருந்தேன். அவர் ஓம், ஓம் என்று கேட்டார். கடைசியில், "அப்ப கண்ணுக்குத் தெரியாத ஒண்டுக்காகவோ உமக்கு இவ்வளவு கோவம் வருது?" என்றார்.

ஆகவே வெள்ளிக்கிழமை காலை வீட்டில் இருந்து ஒரு விசையை அழுத்தியிருந்தால் வேலை முடிந்திருக்கும். அழுத்தப் போன நேரம் மச்சாள் தொலைபேசியில் அழைத்தார்.

"பவா, அனுப்பிப் போட்டியோ?"

"இல்லை மச்சாள், இப்பதான்."

"அனுப்பாதை! இப்ப அனுப்பினா ராகு காலத்துக்குள்ளை போய் விழும். பன்னிரண்டுக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் நல்லாயிருக்கு. கடைக்கு வா. பிள்ளையாருக்கு முன்னாலை வைச்சு அனுப்புவம். அண்ணை தேங்காய் எடுத்து வைச்சிட்டார்."

"மச்சாள், இது வீட்டுக் கொம்பியூட்டரிலை இருந்துதான்…"

"ஞானம் மாமியும் வந்திட்டா. கேசரியும் கிண்டியாச்சு. நீ வா."

எனக்கு ராகு காலத்தில் நம்பிக்கை இல்லை. கேசரிக்காகவும் போகவில்லை. என் மூன்று வரியை ஒரு கூட்டம் பார்க்க அனுப்பலாம் என்ற எண்ணம் வந்த உடனே, நான்காம் பகுதி முழுவதும் என் தலையிலிருந்து வடிந்துவிட்டது. திருத்தக் கோப்பைப் பென்டிரைவில் ஏற்றி, இஸ்திரி போட்ட சேலை உடுத்தி, எங்கள் வீடு இருக்கும் புறநகர் லெ பிளாங்-மெனிலில் ரயில் ஏறினேன். (ஒரு மென்பொருள் பிழையைத் திருத்தப் பட்டுச்சேலையில் போன பெண் அந்த வட்டாரத்தில் நானாகத்தான் இருப்பேன்.)

கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த கணினியின் மேல் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். திரைக்கு மேலே சிறு மாலை. மச்சாள் என் கையிலிருந்த பென்டிரைவை வாங்கி, வெற்றிலையில் வைத்து, அதற்கும் பொட்டு வைத்தார். "உள்ளை போற பக்கத்திலை வைக்காதேங்கோ," என்று நான் கத்தியதால் பொட்டு மறுபக்கத்தில் விழுந்தது. அண்ணை பாதையோரம் போய்த் தேங்காய் உடைத்தார். சரிபாதியாக உடைந்தது.

"பாத்தியே!" என்றார் மச்சாள். "இனி ஒண்டும் பிழைக்காது."

இனி நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். என் சொந்த மின்னஞ்சலின் கடவுச்சொல் மிக நீளமானது. பாதுகாப்புக் கருதி அது வீட்டுக் கணினியில் மட்டும் இருந்தது. எனவே ஏற்கெனவே திறந்திருந்த கடையின் மின்னஞ்சலை எடுத்தேன். திருத்தத்தைத் திறந்தேன். முழுவதையும் நகலெடுத்தேன். கடிதத்தின் உடலில் ஒட்டினேன். ஒட்டும்போது எனக்குள் இருந்த அறிவாளி எழுந்து ஒரு தடவை இருமினாள். நான் அவளுக்குச் சொன்ன சமாதானம் இது: "இது விண்டோஸ் கணினி. இரட்டைக் குறியைத் தானாகவே போடும். கோப்புக்கும் இரட்டைக் குறி. ஆகவே பொருந்தும்." கேட்பதற்கு எவ்வளவு தர்க்கமாக இருக்கிறது! கடிதம் கடைக் கணினியை விட்டு வெளியேறிய பிறகு அந்தக் குறிகளை யார் காவல் காப்பார் என்று அறிவாளி கேட்க வந்தாள். அதற்குள் ஞானம் மாமி, "நேரம் போகுது பிள்ளை, அமத்து," என்றார்.

அமத்தினேன். எல்லோரும் கைதட்டினார்கள். மீன் வாங்க வந்த இருவர் என்ன விசேஷம் என்று தெரியாமலே கேசரி சாப்பிட்டார்கள்.

"போய்ச் சேந்திட்டுதோ?" என்று அண்ணை கேட்டார்.

"போயிட்டுது அண்ணை. உலகம் முழுக்கப் போயிட்டுது."

பதில் கேசரி ஆறுவதற்குள் வந்தது. அந்த மென்பொருளைப் பராமரிப்பவர் யோஹான் என்று ஒருவர், வடக்கே குளிர் நாடொன்றில் இருப்பவர். மரியாதையான மனிதர். கடைசி நாள் என்பதால் கணினி முன்னாலேயே இருந்திருக்கிறார். அவர் எழுதியதன் சாரம்: "நன்றி. திருத்தம் பொருந்தவில்லை. வரி முடிவுகள் தொலைந்துவிட்டன, நீளமான வரிகள் நடுவில் உடைந்துவிட்டன. நான்காம் பகுதியைப் பார்க்கவும். மேலும் ஒரு கேள்வி: தேங்காய்ப் பால் இரண்டு எடுத்தால் ஒன்று இலவசம் என்பது திருத்தத்தின் பகுதியா?"

நான் கீழே உருட்டிப் பார்த்தேன். கடையிலிருந்து போகும் ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் அந்த வார விளம்பரம் தானாகச் சேரும்படி மச்சாள் ஏற்பாடு செய்திருக்கிறார். என் மூன்று வரிக்குக் கீழே, ஒரு தேங்காய்ப் பால் தகரப் பேணியின் படம், வண்ணத்தில்.

"என்னவாம்?" என்று முழுக் கடையும் கேட்டது.

"நன்றி சொல்லியிருக்கிறார்," என்றேன். அது பொய்யல்ல. முதல் சொல் நன்றிதான்.

"வேறை?"

"தேங்காய்ப் பாலைப் பற்றி விசாரிச்சிருக்கிறார்."

மச்சாளின் முகம் பூரித்தது. "நான் சொன்னன் தானே, விளம்பரம் எங்கையெண்டாலும் வேலை செய்யும் எண்டு."

இரண்டாம் முயற்சி. போன குறியை நானே திரும்ப வைத்துவிட்டால் சரி என்று நினைத்து, ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு குறியைக் கூட்டும்படி கடைக் கணினியில் இருந்த எழுது நிரலைப் பணித்தேன். அவசரத்தில் அது வரி முடிவையே இரட்டிப்பாக்கியதை நான் கவனிக்கவில்லை. விளம்பரத்தை நீக்கவும் மறந்தேன். யோஹானின் பதில்: "இப்போது ஒவ்வொரு வரிக்கும் நடுவில் ஒரு வெற்று வரி இருக்கிறது. கவிதை என்றால் நன்றாக இருக்கிறது. நிரல் என்றால் பொருந்தவில்லை. ஆறு மணிக்குக் கதவை மூட வேண்டும், அதற்குள் முடியுமா?" அவர் கடிதத்துக்குக் கீழே பிரேசிலில் இருந்து வேறொருவர், தேங்காய்ப் பாலைக் கடல் கடந்தும் அனுப்புவீர்களா என்று கேட்டிருந்தார்.

இனி மறைக்க முடியவில்லை. "அண்ணை, பிழைச்சிட்டுது. நான் வீட்டை போய்த்தான் அனுப்ப வேணும்," என்றேன்.

கார் து நோர் ரயில் நிலையத்துக்கு ஓடினேன். அறிவித்தல் பலகையில் சிவப்பு எழுத்து: யாரோ விட்டுச்சென்ற பொதியொன்றின் காரணமாக ரயில் போக்குவரத்து நிறுத்தம், எப்போது தொடங்கும் என்று தெரியாது. மேடையில் வீட்டுக்குப் போகக் காத்திருந்த சனம் என் பட்டுச்சேலையைப் பார்த்துக் கல்யாணத்துக்குப் பிந்திவிட்டேன் என்று பரிதாபப்பட்டது. பேருந்து வரிசை தெருமுனையைத் தாண்டி நின்றது. திரும்பக் கடைக்கு நடந்தேன்.

அண்ணை கண்ணாடிக் கதவருகே நின்றுகொண்டிருந்தார். அறிவித்தலின் ஒரு மூலையை நகத்தால் மெல்ல உரித்திருந்தார். என்னைக் கண்டதும் அதைத் திரும்ப அழுத்தி ஒட்டினார்.

"பரவாயில்லைப் பிள்ளை. அடுத்த வருசம் பாப்பம். நான் எழுதிறன் தானே," என்று பட்டி கட்டிய விரலை ஆட்டிக் காட்டினார். அவர் திட்டியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

ஞானம் மாமிக்குத் திட்டுவதில் தயக்கம் இல்லை. "உனக்கு உந்த வேலை சரியாத் தெரியுமோ, தெரியாதோ?"

"தெரியும் மாமி."

"பேந்து ஏன் ரெண்டு தரம் பிழைச்சது?"

"நீங்கள் எல்லாரும் பாத்துக்கொண்டு நிண்டதாலை."

"அப்ப நாங்கள் மற்றப் பக்கம் திரும்பி நிக்கிறம். செய்."

அவர் உண்மையிலேயே திரும்பி நின்றார். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நான் வீட்டுக்குப் போக முடியாது. ஆனால் வீட்டில் ஒருவர் இருக்கிறார். அவருக்குக் கைகள் இருக்கின்றன. அவரை எழுப்பினேன்.

"இஞ்சேருங்கோ, என்ரை கொம்பியூட்டரைப் போடுங்கோ."

"எந்தக் கொம்பியூட்டர்? தொட வேண்டாம் எண்டு எழுதி ஒட்டியிருக்கிறதோ?"

"ஓம். அதுதான்."

"நான் தொடலாமோ?"

"தொடலாம்."

"ஸ்பீக்கரிலை போட்டுச் சொல்லும். மச்சானும் கேக்கட்டும்."

ஸ்பீக்கரில் போட்டேன். கடையின் முன்னால், காய்கறிக்கும் கருவாட்டுக்கும் நடுவில் நின்று, என் கணினியைத் தொட என் கணவருக்கு உரிமை உண்டு என்று அறிவித்தேன். அண்ணை சாட்சியாகத் தலையாட்டினார். சிறீ, "சரி, இனிச் சொல்லும்," என்றார்.

கறுப்புத் திரையைத் திறக்க வைத்தேன். கட்டளையைச் சொல்லத் தொடங்கினேன். அதன் ஒவ்வொரு எழுத்தும் எனக்கு மனப்பாடம்; இதைக் கொஞ்சம் பெருமையோடுதான் சொல்கிறேன். எழுத்தாக, இடைவெளியாக, கோடாகச் சொன்னேன்.

"இப்ப சின்னக் கோடு ரெண்டு."

"ரெண்டும் ஒட்டியோ, விட்டோ?"

"ஒட்டி!" என்று நான் சொல்வதற்குள், முதுகு காட்டி நின்ற ஞானம் மாமி, "ஒட்டித்தான் தம்பி, ஒட்டி," என்றார். அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் இன்றும் வியக்கிறேன்.

"போட்டாச்சு. என்ரர் அமத்தட்டோ?"

"பொறுங்கோ!" என்று ஆறு பேர் கத்தினோம். கத்தியவர்களில் ஒருவர் தக்காளி வாங்க வந்த புதுச்சேரிக்காரர். அவருக்கு எங்கள் சங்கதி எதுவும் தெரியாது.

முழுவதையும் திருப்பி வாசிக்கச் சொன்னேன். சிறீ தூக்கக் குரலில் எழுத்தெழுத்தாக வாசித்தார். ஓரிடத்தில் இடைவெளி ஒன்று கூடியிருந்தது, எடுக்க வைத்தேன். இந்தத் தடவை நேராக யோஹானுக்கு அனுப்பவில்லை. முதலில் கடையின் முகவரிக்கே அனுப்பினோம். வந்த கடிதத்தின் மூல வடிவத்தைத் திறந்தேன். திரை முழுவதும் தலைகால் புரியாத எழுத்துக் குவியல்.

அண்ணை எட்டிப் பார்த்துத் தலையில் கைவைத்தார். "ஐயோ, இது முழுக்கப் பழுதாப் போச்சே!"

"இல்லை அண்ணை. உள்ளை இருக்கிறது பத்திரமா இருக்கெண்டாத்தான் வெளியிலை இப்பிடித் தெரியும். வழியிலை ஆரும் பிரிச்சுக் கை வைக்கேலாது."

அதை விரித்து, மூலக்கோப்போடு குறிக்குக் குறி ஒப்பிட்டேன். எல்லா இரட்டைக் குறிகளும் இருந்தன. ஒன்றுகூடத் தொலையவில்லை. கடையில் கூட்டம் இருந்ததையே நான் மறந்துபோனேன். எனக்கு அந்த வேலை தெரியும். அதைச் செய்யும்போது எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்பதும் அப்போது தெரிந்தது.

"இப்ப அவருக்கு அனுப்புவம்," என்றேன்.

மச்சாள் நாட்காட்டியைப் பார்த்து வாயைப் பொத்தினார். "பவா, இப்ப எமகண்டம்."

அண்ணை என்னைப் பார்த்தார். நான் அண்ணையைப் பார்த்தேன்.

தொலைபேசிக்குள் இருந்து சிறீ சொன்னார்: "வீடு லெ பிளாங்-மெனிலிலை. எமகண்டம் அங்கை வரவும் ரயில் இல்லை. நான் அமத்தப் போறன்."

அமத்திவிட்டார்.

பிறகு காத்திருந்தோம். யோஹானிடமிருந்து பதில் இல்லை. முன்பு இரண்டு தடவையும் உடனே எழுதிய மனிதர் இப்போது மௌனம். ஐந்து மணி ஆனது. ஞானம் மாமி பொபினிக்குப் போகாமல் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டார். ரயில் இல்லை என்பது ஒரு காரணம். ஆனால் ரயில் தொடங்கிவிட்டது என்று யாரோ வந்து சொன்ன பிறகும் அவர் எழவில்லை. அண்ணை அன்று கட்டிய மாப் பொதிகளை மேசையில் அடுக்கி, பேனை மூடியைக் கழற்றி, "வறுத்த அரிசிமா" என்று எழுதத் தொடங்கினார். நாலாவது பொதியில் நிறுத்தி விரலை உதறினார். நான் பொதுப் பட்டியலின் இணையப் பக்கத்தைப் புதுப்பித்தபடி இருந்தேன்.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் வந்தது. நான்கே வாக்கியம். "சுத்தமாகப் பொருந்தியது. மிக நேர்த்தியான திருத்தம். இத்தனை ஆண்டுகளாக எங்கள் கண்ணில் படாத பிழை. சேர்த்துவிட்டேன்."

இம்முறை ஒரு சொல்லும் விடாமல் தமிழில் சத்தமாக வாசித்தேன். "மிக நேர்த்தியான" என்பதை இரண்டு தடவை வாசித்திருக்கலாம். அண்ணை பேனையை மூடி வைத்து, என் தலையில் கைவைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். வெங்காயம் இருக்கும் பக்கம் போனதால் கண் சிவந்து வந்ததற்கு அவரிடம் காரணம் இருந்தது.

ஞானம் மாமி மூட்டையிலிருந்து இறங்கினார். "அப்ப இனி அரிசிமா எது, உழுத்தம்மா எதெண்டு தெரியும்?"

"தெரியும் மாமி."

"சம்பந்தி மனுசியைக் கூப்பிட்டு ஒருக்கா அவிச்சுக் காட்ட வேணும்," என்று சொல்லிவிட்டு, இலவசமாக ஒரு தேங்காய்ப் பால் பேணியை எடுத்துக்கொண்டு போனார். இரண்டு வாங்காமலே.

புத்தாண்டுக்கு முன் புதிய பதிப்பு வந்தது. கம்பனிக்காரர் ஏற்றினார். இன்று அந்தக் கடைக்குப் போனால் "வறுத்த உழுத்தம்மா" கடைசி எழுத்து வரை இருக்கும். அந்த மென்பொருள் எந்தெந்த நாட்டுக் கடைகளில் ஓடுகிறதோ அங்கெல்லாம் எந்தத் தமிழ்க் காயின் பெயரும் இனி நடுவில் வெட்டுப்படாது. பங்களித்தவர்கள் பட்டியலில் என் பெயர் இருக்கிறது. அகர வரிசைப்படி சரியான இடத்தில் இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டேன்.

குடும்பத்திலோ வேறு விதமான புகழ். யாராவது ஒரு செய்தி அனுப்பி அது பிழைத்துப்போனால், "தேங்காய்ப் பாலோடை அனுப்பினியோ?" என்று கேட்பது எங்கள் வழக்கமாகிவிட்டது. போன மாதம் மச்சாளின் தங்கை மகளுக்கு ஒரு வேலை விண்ணப்பம் திரும்பி வந்தபோதும் முதலில் கேட்கப்பட்ட கேள்வி அதுதான். அண்ணை மட்டும் இதற்குச் சிரிப்பதில்லை. வாடிக்கையாளரிடம் பெயர்த்துண்டைக் காட்டி, "இது என்ரை தங்கச்சி செய்தது," என்கிறார். கேட்டவர் அடுத்த கேள்வி கேட்கும் முன் ஒருவரும் பகிடி விடக் கூடாது என்பதற்காக மச்சாளை முறைத்துப் பார்க்கிறார்.

அன்று மாலை வீடு திரும்பியபோது இன்னொரு கடிதம் வந்திருந்தது. பொதுப் பட்டியலுக்கு அல்ல, எனக்கு மட்டும். யோஹான் எழுதியிருந்தார்: "நான்காம் பகுதியை எழுதியவன் நான். அதில் எச்சரித்துள்ள எல்லாப் பிழைகளையும் ஒரே பிற்பகலில் செய்து, அதே பிற்பகலில் திருத்தியும் காட்டிய ஒருவரை இதுவரை சந்தித்ததில்லை. அந்தப் பகுதியைப் புதிதாக எழுத உங்களைவிடப் பொருத்தமானவர் இல்லை. எழுதுவீர்களா?"

அதைச் சிறீக்கு மொழிபெயர்த்தேன். "பாராட்டோ, நக்கலோ?" என்று கேட்டார். நான் இரண்டு தடவை படித்துப் பார்த்து, பாராட்டு என்று முடிவு செய்தேன். இன்றும் அந்த முடிவில்தான் இருக்கிறேன்.

மறுநாள் சனிக்கிழமை காலை, தேநீருக்குத் தண்ணீர்கூட வைக்காமல் மேசையில் உட்கார்ந்து, புதிய நான்காம் பகுதியின் முதல் இரண்டு வரிகளை எழுதினேன்: "திருத்தத்தை முதலில் உங்களுக்கே அனுப்பி, வரி முடிவுகளைச் சரிபார்க்கவும். அப்போது பக்கத்தில் உறவினர் எவரும் இருக்க வேண்டாம்."